நூறாம் நாள் கொண்டாடும் ஊரில் கல்யாணத்துக்கு ஏன் பயம்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோவையில் மென்பொருள் வேலையில் இருக்கிறீர்கள். மொழி பழகும் செயலி ஒன்றில் அறிமுகமான சியோல் இளைஞர் ஒருவருடன் சில மாதங்களாகப் பேசிவருகிறீர்கள். கொரியத் தொடர்களில் வரும் ஆண்களைப் போலவே அவரும் கனிவாகப் பேசுகிறார், வேளை தவறாமல் சாப்பிட்டாயிற்றா என்று கேட்கிறார். ஆனால் செய்தியைத் திறந்தால், கொரியப் பெண்கள் ஆண்களை மணக்க மறுக்கிறார்கள், நாட்டில் பிள்ளைப்பேறே அருகிவிட்டது என்று வருகிறது. "இதில் எது உண்மை, இதெல்லாம் அவர்கள் பண்பாடா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் உண்மைதான். ஆகவே, காதலை இவ்வளவு கொண்டாடும் ஊரில் கல்யாணம் என்றதும் ஏன் இவ்வளவு தயக்கம் என்பதே கேட்க வேண்டிய கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். அந்த இளைஞர் எப்படிப்பட்டவர் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு யாரும் சொல்ல முடியாது.

நான் சியோலில் கொரிய வரலாறு படித்தவள். பல ஆண்டுகளாகச் சென்னையில் கொரிய மொழி கற்பிக்கிறேன். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வேலையாக வரும் கொரியக் குடும்பங்களுக்கு வீடு பார்ப்பது, மருத்துவமனைக்குப் போவது போன்றவற்றில் மொழிபெயர்ப்பாளராக உடன் போவதும் உண்டு. எனவே எனக்கு நெருக்கமாகத் தெரிந்தவர்கள் படித்த நகரத்துக் குடும்பங்கள். கிராமத்துக் கொரியாவைப் பற்றி நான் சொல்வதெல்லாம் ஏட்டறிவு.

"கன்பூசியச் சமூகம் (சீன அறிஞர் கன்பூசியஸின் நெறியைப் பின்பற்றும் சமூகம்), இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம், மாறாது" என்று கொரியர்களே சொல்வார்கள். நம்பாதீர்கள். கொரியாவின் ஐம்பதாயிரம் வொன் நோட்டில் ஒரு பெண்ணின் படம் இருக்கிறது. சின் சாயிம்தாங், 1504-இல் பிறந்த ஓவியர். அவருடைய மகன் யி ஐ பெரிய தத்துவ அறிஞர், ஐயாயிரம் வொன் நோட்டில் இருப்பவர். 2009-இல் சாயிம்தாங் படம் போட்ட நோட்டு வந்தபோது, ஓவியரைக் கௌரவிக்கிறீர்களா, நல்ல தாய் என்ற பிம்பத்தையா என்று பெண்கள் அமைப்புகள் கேட்டன. எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது வேறு. சாயிம்தாங் கல்யாணமான பிறகும் பல ஆண்டுகள் தாய்வீட்டில்தான் இருந்தார். மகன் பிறந்ததும் அங்கேதான், கிழக்குக் கடற்கரையில் காங்நுங் ஊரில். அவருடைய தாய் தன் சொத்தை ஐந்து மகள்களுக்கும் பிரித்து எழுதிய பத்திரம் இன்றும் இருக்கிறது. அது விதிவிலக்கான வீடல்ல. மாப்பிள்ளை பெண்வீட்டில் வந்து இருப்பதும், மகளுக்கும் மகனுக்கும் சொத்தில் பங்கு இருப்பதும் அன்று வழக்கம்.

பெண்கள் மீதான பிடி இறுகியது ஜோசொன் அரச மரபின் (1392–1910) பிற்பாதியில். தொடக்கம் அதற்கு முன்பே இருந்தது. மறுமணம் செய்துகொண்ட பெண்ணின் மகன்கள் அரசுப் பணித் தேர்வு எழுதக் கூடாது என்று 1485-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு விதித்தது. பெண்ணை நேரடியாகத் தண்டிக்காமல் அவள் மகனின் எதிர்காலத்தில் கைவைத்த இந்தத் தந்திரத்தைக் கவனியுங்கள். பதினேழாம் நூற்றாண்டுக்குப் பிறகு மூத்த மகனுக்கே பெரும்பங்கு, அவன்தான் முன்னோருக்குப் படையல் இடுவான், மருமகள் புகுந்த வீட்டோடு சேர்ந்தவள் என்று எல்லாம் ஒரே திசையில் திரும்பின. ஏழு வயதுக்கு மேல் ஆணும் பெண்ணும் ஒன்றாக உட்காரக் கூடாது என்ற வாக்கியத்தை இன்றும் எல்லாக் கொரியர்களும் சொல்வார்கள், பெரும்பாலும் கேலியாக. வசதியான வீடுகளில் பெண்களின் உள்கட்டும் ஆண்கள் விருந்தினரோடு இருக்கும் முன்கட்டும் தனித்தனி. சியோலின் பழைய வீடுகளைச் சுற்றிப் பார்க்கப் போனால் இதைக் கண்ணாலேயே காணலாம். ஆக, தொன்மையான மரபு என்று சொல்லப்படுவதற்கு வயது முந்நூறு, நானூறு ஆண்டுகள்தான்.

அடுத்த பூட்டைப் போட்டது ஜப்பானியக் காலனி ஆட்சி. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் ஆண் தலைவர், மற்றவர்கள் அவர் பெயரின் கீழ்ப் பதிவு என்ற குடும்பத் தலைவர் முறை அப்போது சட்டமானது. விடுதலைக்குப் பிறகு வந்த கொரியக் குடிமைச் சட்டமும் அதை அப்படியே தொடர்ந்தது. கல்யாணமானால் பெண்ணின் பெயர் கணவன் வீட்டுப் பதிவுக்குப் போகும். கணவன் இறந்தால் தலைமை மகனுக்கு. மகன் கைக்குழந்தையாக இருந்தாலும் தாய்க்கும் பாட்டிக்கும் அவன்தான் தலைவன். விவாகரத்தான பெண் தன் பிள்ளையைத் தானே வளர்த்தாலும் பிள்ளை தந்தையின் பதிவிலேயே இருக்கும். காகிதத்தில் அவள் தன் பிள்ளைக்கு "உடன் வசிப்பவர்" மட்டுமே. பெண்கள் பல பத்தாண்டுகள் போராடிய பிறகு, 2005-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் இதைச் செல்லாது என்றது. 2008 தொடக்கத்தில் முறை ஒழிந்தது. உங்கள் நண்பருக்கு முப்பது வயது என்றால் அவர் பிறந்தது இந்தச் சட்டத்தின் கீழ்தான். அவருடைய அம்மா வாழ்க்கையின் பெரும்பகுதியை இதன் கீழ்தான் கழித்திருக்கிறார்.

கோத்திரம் பார்க்கும் நம்மவர்களுக்கு எளிதில் புரிகிற இன்னொரு சட்டமும் இருந்தது. ஒரே குடும்பப் பெயரும் ஒரே பூர்வீக ஊரும் கொண்டவர்கள் எவ்வளவு தூரத்து உறவானாலும் மணக்க முடியாது. கிம்ஹே ஊரைப் பூர்வீகமாகக் கொண்ட கிம் குலத்தார் மட்டுமே நாற்பது லட்சத்துக்கு மேல் இருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். காதலித்த பிறகு ஒரே குலம் என்று தெரிந்து பிரிந்தவர்கள் உண்டு. பதிவு செய்ய முடியாமல் சேர்ந்து வாழ்ந்தவர்களும் உண்டு. இவர்களுக்காக 1978, 1988, 1996 ஆகிய ஆண்டுகளில் தற்காலிகச் சட்டம் போட்டு, அந்த ஆண்டுக்குள் வந்து பதிவு செய்துகொள்ளுங்கள் என்றது அரசு. நிரந்தரமாகத் தடையை அகற்ற மட்டும் மனம் வரவில்லை. 1997-இல் நீதிமன்றம்தான் அதைச் செய்தது. (கிம்ஹே என்றதும், அந்தக் குலத்தின் ஆதித் தாய் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் போன இளவரசி என்று யாராவது பின்னூட்டம் போடுவார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட நூல் ஒன்றில் அயுதா என்ற நாட்டு இளவரசி வந்த கதை இருப்பது உண்மை. அது எந்த நாடு என்பது ஊகம். அதற்கு மேல் பெருமை கொண்டாட அங்கே ஒன்றும் இல்லை.)

ஆண்பிள்ளை ஆசை எண்களில் தெரிந்த ஆண்டு 1990. அந்த ஆண்டு பிறந்த குழந்தைகளில் 100 பெண்களுக்கு 116 ஆண்களுக்கு மேல். மூன்றாவது, நான்காவது பிரசவங்களில் ஆண் குழந்தைகள் பெண்களைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. வெள்ளைக் குதிரை ஆண்டில் பிறக்கும் பெண் அடங்காதவள் என்ற மூடநம்பிக்கையும் சேர்ந்துகொண்டது. ஸ்கேன் கருவி வந்திருந்தது, கருவின் பாலினத்தைச் சொல்லக் கூடாது என்ற சட்டமும் வந்திருந்தது, எது வென்றது என்பது தெரிகிறதல்லவா. அந்த ஆண்டுகளில் பிறந்த ஆண்கள் கல்யாண வயதுக்கு வந்தபோது, அவர்கள் வயதுப் பெண்கள் எண்ணிக்கையிலேயே குறைவாக இருந்தார்கள். ஆனால் இதே கொரியாவில் 2007 வாக்கில் இந்த விகிதம் இயல்புக்குத் திரும்பிவிட்டது. இப்போது இளம் தம்பதிகளைக் கேட்டால் பெண் குழந்தைதான் வேண்டும் என்று பலர் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். "பண்பாடு மாறாது" என்பவர்களுக்கு நான் காட்டும் முதல் சான்று இதுதான்.

இனி ஆண்களின் பக்கம். இதைச் சொல்லாமல் விட்டால் படம் கோணலாகிவிடும். உடல் தகுதியுள்ள ஒவ்வொரு ஆணும் இராணுவத்தில் சேர வேண்டும், இப்போது தரைப்படையில் 18 மாதம். பெரும்பாலோர் கல்லூரியின் நடுவில் போகிறார்கள். காதலி காத்திருப்பாளா என்பது அங்கே தீராத பேச்சு. காத்திருக்காமல் போனவளை ரப்பர் செருப்பைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள் என்பார்கள். ஒரு காலத்தில் படைப்பணி முடித்தவர்களுக்கு அரசுப் பணித் தேர்வில் 3 முதல் 5 விழுக்காடு கூடுதல் மதிப்பெண் தரப்பட்டது. சில மதிப்பெண்ணில் வேலை கிடைப்பதும் போவதுமான தேர்வு அது. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இது அநீதி என்று மாணவிகள் சிலரும் மாற்றுத்திறனாளி மாணவர் ஒருவரும் வழக்குப் போட்டார்கள். 1999 டிசம்பரில் நீதிமன்றம் அந்தச் சலுகையை ரத்து செய்தது. தீர்ப்பு சரியானது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் சலுகை போனது, கடமை அப்படியே நின்றது. "எங்கள் தாத்தாக்கள் அனுபவித்த அதிகாரத்துக்கு நாங்கள் ஏன் பில் கட்ட வேண்டும்?" என்று ஒரு மாணவர் என்னிடம் கேட்டார். அவர் பெண்களை வெறுப்பவர் அல்ல.

பெண்களின் கணக்கு வேறு. 2009 வாக்கில் கல்லூரிக்குப் போகும் விகிதத்தில் பெண்கள் ஆண்களை முந்திவிட்டார்கள். ஆனால் ஆண், பெண் ஊதிய வேறுபாடு ஏறக்குறைய 30 விழுக்காடு, பணக்கார நாடுகளின் வரிசையில் அதுவே மிக அதிகம். பிள்ளை பிறந்ததும் வேலையை விடுவதும், திரும்பி வரும்போது கீழ்ப்படியிலிருந்து தொடங்குவதும் இதற்குப் பெரிய காரணங்கள். 1997-ஆம் ஆண்டுப் பணநெருக்கடியில் ஆட்குறைப்பு வந்தபோது, கணவனும் மனைவியும் ஒரே நிறுவனத்தில் இருந்தால் மனைவியை ராஜினாமா செய்யச் சொன்ன இடங்கள் இருந்தன. அதைப் பார்த்து வளர்ந்த மகள்களிடம், சொந்தச் சம்பளத்தை எதற்காகவும் விடாதே என்று அம்மாக்கள் சொல்லி வளர்த்தார்கள்.

இந்த இரு கணக்குகளும் சந்திக்கும் இடம் கல்யாணம். வழக்கப்படி வீடு மாப்பிள்ளையின் பொறுப்பு, வீட்டுச் சாமான்கள் பெண்ணின் பொறுப்பு. மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண்வீட்டார் வரிசை அனுப்புவதும் உண்டு. நம் சீர்வரிசைப் பேச்சுகளைக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சியோலில் வாடகைக்கு வீடு எடுக்கவே வீட்டு விலையில் பாதிக்கு மேல் முன்பணமாகக் கட்டும் முறை பரவலாக இருக்கிறது. பெற்றோர் உதவாமல் முப்பது வயதில் அந்தத் தொகையைச் சேர்ப்பவர்கள் அரிது. பெற்றோர் பணம் வந்தால் அவர்கள் சொல்லும் சேர்ந்தே வரும். இப்போது செலவைப் பாதிப் பாதியாகப் பகிரும் தம்பதிகள் பெருகியிருக்கிறார்கள். அங்கும் "வீட்டுக்குப் பாதி கொடுத்தேன், சமையலில் பாதி எங்கே?" என்ற கேள்வி எழுகிறது. நியாயமான கேள்விதானே.

அறுவடைத் திருநாளான சுசோக்கின்போது ஒரு தோழியின் புகுந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். கூடத்துத் தரையில் செய்தித்தாள் விரித்து, நடுவில் மின்சாரத் தட்டுக்கல், சுற்றி மூன்று மருமகள்கள். மீன், சுரைக்காய் வகை, காளான் என்று ஒவ்வொன்றையும் மாவில் புரட்டி முட்டையில் தோய்த்துப் பொரித்து மூங்கில் தட்டில் அடுக்கிக்கொண்டே இருந்தார்கள். காலையில் தொடங்கிய வேலை மாலையில்தான் முடிந்தது. அடுத்த நாள் விடிகாலையில் அதையெல்லாம் முன்னோருக்குப் படைத்து விழுந்து வணங்கியவர்கள் ஆண்கள். பொரித்தவர்களுக்கு அந்த முன்னோர்கள் இரத்த உறவே கிடையாது. அவர்களுடைய சொந்த அம்மாவைப் பார்க்கப் போனது மறுநாள் பிற்பகல். ஒவ்வொரு பெரும் பண்டிகைக்குப் பிறகும் விவாகரத்து மனுக்கள் கூடுவதைக் கொரியச் செய்தித்தாள்கள் எழுதுவது வழக்கம். 2022-இல் கன்பூசியப் பீடமான சொங்க்யுன்க்வானே முன்வந்து, எண்ணெயில் பொரித்த பண்டம் படையலுக்குத் தேவையில்லை, எளிமையாகச் செய்யுங்கள் என்று அறிவித்தது. என் தோழி அந்தச் செய்தியை எனக்கு அனுப்பி, "இருபது வருடத்துக்கு முன்பே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் எழுதியிருந்தாள்.

இப்போது காதலுக்கு வருகிறேன். நண்பர் வழியாக இருவர் தனியே சந்திக்கும் ஏற்பாடு உண்டு, பெற்றோரோ தரகரோ கல்யாண நோக்கில் ஏற்பாடு செய்யும் சந்திப்பு வேறு. முதலாவதில் மூன்றாவது சந்திப்புக்குள் யாராவது ஒருவர் வாய்விட்டுக் கேட்டு, "இன்று முதல் நாம் காதலர்" என்று உறுதி செய்துகொள்வார்கள். அந்த நாள் ஒன்றாம் நாள். நூறாம் நாளுக்குப் பரிசு, அல்லது ஜோடி மோதிரம். நாளை எண்ணித் தரும் செயலிகள் கைபேசியில் இருக்கும். பிப்ரவரி 14-இல் பெண் சாக்லேட் கொடுத்தால் மார்ச் 14-இல் ஆண் திருப்பித் தர வேண்டும். இரண்டும் கிடைக்காதவர்கள் ஏப்ரல் 14-இல் கறுப்பு அவரைக் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ் சாப்பிடுவார்கள். இதில் கடைக்காரர்களின் கைவரிசை பெரிது. ஆனாலும் இவ்வளவு விதிகள் ஏன் பிடித்துப்போயின என்பதற்கு என்னிடம் ஒரு விளக்கம் உண்டு. இது என் கருத்து மட்டுமே. ஆண்கள் பள்ளி, பெண்கள் பள்ளி, பரீட்சை, பிறகு இராணுவம் என்று பிரிந்தே வளர்பவர்களுக்கு, எப்போது என்ன செய்ய வேண்டும் என்று யாராவது சொல்லிக் கொடுத்தால் நிம்மதி. அதோடு, குடும்பப் பதிவும் படையலும் வீட்டு முன்பணமும் நுழையாத ஒரே இடம் காதல். அதை முழுதாக அனுபவித்துவிட்டு, கல்யாணப் பேச்சு வரும் கட்டத்தில் பலர் நின்றுவிடுகிறார்கள்.

ஆண், பெண் சண்டை பற்றி நீங்கள் படித்த செய்திகளில் உறுதியானவை இவை. 2016 மே மாதம் காங்னாம் ரயில் நிலையத்துக்கு அருகே முன்பின் தெரியாத ஒருவன் ஓர் இளம்பெண்ணைக் கொன்றான். நிலையத்தின் பத்தாம் வாயிலில் பெண்கள் ஆயிரக்கணக்கில் துண்டுச்சீட்டுகளை ஒட்டினார்கள். 2018-இல் பெண்களை மறைகேமராவில் படம்பிடிப்பதற்கு எதிராகப் பல்லாயிரம் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். 2022 அதிபர் தேர்தலில் பெண்கள் நல அமைச்சகத்தை ஒழிப்பேன் என்று வாக்குறுதி தந்த யூன் சுக்-யோலுக்கு இருபதுகளில் இருந்த ஆண்களில் ஏறக்குறைய 58 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள் என்றும், அதே வயதுப் பெண்களில் அதே அளவினர் எதிர் வேட்பாளருக்குப் போட்டார்கள் என்றும் வாக்குச்சாவடிக் கணிப்பு காட்டியது. சந்தேகத்துக்குரியது, காதல், கல்யாணம், உடலுறவு, பிள்ளைப்பேறு நான்கையும் மறுக்கும் இயக்கம் நாடு முழுதும் பரவிவிட்டது என்ற செய்தி. அப்படி ஓர் இயக்கம் உண்டு. ஆனால் எனக்குத் தெரிந்த கொரியப் பெண்களில் பலர் கல்யாணத்தைத் தள்ளிப்போடுகிறார்கள், எந்த இயக்கத்திலும் இல்லை. வெளிநாட்டு ஊடகங்களுக்கு அது ஒரு நல்ல தலைப்பு, அவ்வளவுதான்.

பிறப்பு எண்ணிக்கையிலும் இதே எச்சரிக்கை தேவை. ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளை என்ற கணக்கு 2023-இல் 0.72 ஆக விழுந்தது, 2024-இல் 0.75 ஆகச் சற்றே ஏறியது. கல்யாணத்துக்கு வெளியே பிறக்கும் குழந்தைகள் அங்கே மிகச் சிலரே என்பதால் கல்யாணம் குறைந்தால் பிறப்பும் குறையும். ஆனால் அதற்கு ஆண், பெண் மனக்கசப்பு மட்டுமே காரணம் என்பது மிகை. வீட்டு விலை, நள்ளிரவு வரை நீளும் வேலை, டியூஷன் செலவு எல்லாம் சேர்ந்து இழுக்கின்றன. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

தொடர்களில் வரும் அந்தக் கனிவான ஆண் பொய்யா என்றால், அவனை எழுதுபவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பதை நினைவில் வையுங்கள். அவன் பெண்களின் விருப்பப் பட்டியல். அதைப் பார்த்தே வளர்ந்த இளைஞர்கள் அதில் சிலவற்றைக் கற்றுக்கொண்டும் இருக்கிறார்கள். குடை பிடிப்பதும், வீடு சேர்ந்ததும் தகவல் கேட்பதும் அங்கே சாதாரண நாகரிகம். அதை வைத்து ஆளை எடைபோடாதீர்கள். கோபம் வந்தபோது எப்படிப் பேசுகிறார், அக்கா தங்கையைப் பற்றி என்ன சொல்கிறார், அம்மா பண்டிகை நாளில் என்ன செய்துகொண்டிருந்தார், இவர் அப்போது எங்கே இருந்தார் என்று கேளுங்கள். கல்யாணமானால் எந்த நாட்டில் இருப்பது, யார் வேலையை விடுவது என்பதையும் சீக்கிரமே கேட்பது நல்லது. கொரியாவில் அது அநாகரிகமான கேள்வி அல்ல. காணொளியில் முகம் காட்டாமல் பணம் கேட்கும் ஆளாக இருந்தால் மேலே நான் எழுதிய எதுவும் தேவையில்லை, உடனே துண்டித்துவிடுங்கள்.

அவர் எந்த ஆண்டில் பிறந்தவர், பூர்வீகம் எந்தப் பகுதி, மூத்த மகனா என்பதைத் தெரிந்துகொண்டு எழுதினால் இன்னும் கொஞ்சம் குறிப்பாகச் சொல்லலாம். தெற்கே ஆன்தொங் பக்கத்துப் பழங்குடும்பத்தின் மூத்த மகன் என்றால் ஒரு விதம், சியோல் புறநகரில் அடுக்குமாடியில் வளர்ந்த இளையவர் என்றால் வேறு விதம்.